அமரர் கல்கியும் கடம்பூர் மாளிகைக் கொலையும்

போர்களைப் பற்றி நாம் பாடநூல்களில் படிக்கின்றோம். எந்த ஆண்டு நடந்தது, யார் வென்றார், யார் தோற்றார், எந்த நாடு எவர் கைக்கு மாறியது என்று எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகின்றோம். ஆனால் போர் முடிந்த மறுநாள் என்ன நடந்தது என்று எந்த வினாத்தாளும் நம்மைக் கேட்பதில்லை. வென்றவன் நிம்மதியாக உறங்கினானா? தோற்றவன் வீட்டுப் பிள்ளை எதை நினைத்து வளர்ந்தான்? கணவனை இழந்தவள் யாரைப் பழித்தாள்? வரலாறு வாய் மூடும் இந்த இடத்தில் வாய் திறப்பவன் கதாசிரியன். தமிழில் அவ்வாறு வாய் திறந்து, பல்லாயிரம் குடும்பங்களை வாரந்தோறும் காத்திருக்க வைத்தவர் அமரர் கல்கி. அவருடைய வாழ்வையும், அவர் விடை கூறாமல் விட்டுச்சென்ற ஒரு கொலை வழக்கையும் இக்கட்டுரையில் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அந்த வழக்கில் திண்டுக்கல் மண்ணில் பிறந்த நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

காவிரிக் கரையிலிருந்து சிறைக்கு

1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தை இராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். பெரும் செல்வமும் இல்லை, பெரிய மனிதர் ஆதரவும் இல்லை. காவிரி பாயும் வயல்களும், கோயில் திருவிழாக்களும், கதாகாலட்சேபங்களுமே அவருக்கு வாய்த்த முதல் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் பொன்னி நதியைத் தம் மிகப் பெரிய நாவலின் தலைப்பிலேயே வைத்தவர் அந்த ஆற்றங்கரைச் சிறுவன்தான் என்பதை நினைக்கும்போது வியப்பில்லை.

ஊரிலும் மாயவரத்திலும் படித்த பின்னர் திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்போதுதான் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், 1921-இல், அண்ணல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார். ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவன் தேர்வுக்கு முன்னால் பள்ளியை விட்டு வெளியேறுவது என்றால் என்ன பொருள் என்பது, வீட்டில் முதன் முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்கு விளங்கும். அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் அன்று ஒரு குடும்பத்தின் ஆதாரம். அதைத் துறந்தவருக்குக் கிடைத்த பரிசு ஓராண்டுச் சிறை.

சிறையினின்று மீண்டு 1923-இல் திரு.வி.க. அவர்களின் நவசக்தி இதழில் துணையாசிரியராக அமர்ந்தார். தமிழை எளிமையாகவும் கம்பீரமாகவும் எழுத முடியும் என்று காட்டிய அந்தப் பெரியாரிடம் அவர் பெற்ற பயிற்சி சிறிதன்று. 1928-இல் நவசக்தியை விட்டு விலகித் திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்துக்குச் சென்றார். அங்கே இராஜாஜி அவர்கள் மதுவிலக்குக்காக நடத்திய விமோசனம் என்னும் மாத இதழில் பணியாற்றினார். குடியின் கேட்டைக் கதையாகவும் படமாகவும் சொல்லி, எழுத்தறிந்த ஒருவர் எழுத்தறியாத பத்துப் பேருக்குப் படித்துக் காட்டும்படி அமைந்த இதழ் அது. பாமரருக்குப் புரியும்படி எழுதுவது தாழ்வன்று, அதுவே கடினமான கலை என்ற பாடத்தை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும். 1930-இல் மீண்டும் சிறை சென்றார்.

பத்திரிகையாளர் கல்கி

1931 முதல் எஸ்.எஸ்.வாசன் அவர்களின் ஆனந்த விகடனில் அவர் ஆசிரியப் பொறுப்பேற்றார். நகைச்சுவைக் கட்டுரை, சங்கீத விமரிசனம், அரசியல் தலையங்கம், சிறுகதை, தொடர்கதை என்று அவர் தொடாத துறை இல்லை. கல்கி என்ற புனைபெயர் வீட்டுப் பெயரைப் போல் ஆயிற்று. கள்வனின் காதலி தொடராக வந்தபோது வாசகர் வட்டம் பெருகியது. அவருடைய தியாகபூமி கதை திரைப்படமாகி 1939-இல் வெளிவந்தது. விடுதலை உணர்ச்சியைத் தூண்டுகிறது என்று ஆங்கில அரசு அதற்குத் தடை விதித்தது.

இங்கே நம் மாவட்டத்தாரை நினைவுகூராமல் மேலே செல்ல இயலாது. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் வத்தலக்குண்டில் பிறந்தவர். மணிக்கொடியைச் சிறுகதை ஏடாக நடத்திய பி.எஸ். ராமையாவும் அவ்வூரினர். எழுத்து இதழை நடத்திய சி.சு. செல்லப்பாவுக்கும் அதுவே சொந்த ஊர். மணிக்கொடி எழுத்தாளர்கள் ஒரு பாதையில் நடந்தார்கள். கல்கி மற்றொரு பாதையில் நடந்தார். பலரும் படிக்க எழுதுவதா, ஆழமாக எழுதுவதா என்ற வழக்கு அந்நாளில் கடுமையாக நிகழ்ந்தது. பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுவது பற்றிப் புதுமைப்பித்தன் கல்கியை வன்மையாகச் சாடினார். பாரதியார் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத் தக்கவரா என்ற வாதத்திலும் கல்கி எதிர்ப்பக்கம் நின்றார்.

ஆனால் அந்த மனிதரின் பெருமையை அடுத்த செயலில் காண்கிறோம். பின்னாளில் அதே கல்கி, எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று தம் இதழில் எழுதி வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945-இல் அதற்குக் கால்கோள் செய்யப்பட்டது. நாடு விடுதலை பெற்ற 1947-இல், அக்டோபர் மாதம், மண்டபம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் தாம் கொண்ட கருத்தைக் காலம் மாற்றியபோது, மௌனமாக இருந்து தப்பித்துக்கொள்ளாமல், கல்லால் கட்டிக் காட்டினார். கருத்தைத் திருத்திக்கொள்ள அஞ்சாத இந்தப் பண்பு அவருடைய சரித்திரக் கதைகளிலும் ஊடுருவி நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட விரும்பிய கல்கி, புகழும் ஊதியமும் தந்த விகடனை விட்டு வெளியேறிச் சிறை புகுந்தார். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தவர், நண்பர் டி. சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்டில் கல்கி வார இதழைத் தொடங்கினார். அதற்கு முதல் தேடுவதற்காகவே சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி திரைப்படத்தில் நாரதர் வேடம் ஏற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி.

போருக்குப் பின் தொடங்கும் கதைகள்

புதிய இதழின் முதல் ஆண்டிலேயே பார்த்திபன் கனவு தொடங்கியது. அதன் கட்டமைப்பை எண்ணிப் பாருங்கள். கதையின் தொடக்கத்திலேயே போர் முடிந்துவிடுகிறது. கப்பம் கட்ட மறுத்த சோழ மன்னன் பார்த்திபன் பல்லவப் படையை எதிர்த்து வெண்ணாற்றங்கரையில் வீழ்கின்றான். உயிர் பிரியும் வேளையில் ஒரு சிவனடியார் அவன் அருகே வருகின்றார். உன் மகனை வீரனாக வளர்ப்பேன் என்று வாக்களிக்கின்றார். அந்தச் சிவனடியார் யார் என்ற மர்மமே கதை முழுவதையும் இழுத்துச் செல்லும் வடக்கயிறு. இறுதியில் அவர் வேறு யாருமல்லர், வென்ற மன்னன் நரசிம்மவர்மனே என்று அறிகின்றோம். வென்றவன் தோற்றவனுக்குக் கடன்பட்டவன் என்ற கருத்தை இதைவிட அழகாக எப்படிச் சொல்ல இயலும்?

அடுத்து 1944 முதல் சிவகாமியின் சபதம் வந்தது. வாதாபியை எரித்த வெற்றிக்குப் பிறகு, அந்த வெற்றிக்குக் காரணமான பெண்ணுக்கு மிஞ்சியது என்ன என்ற கேள்வியோடு அது முடிகிறது. 1948-இல் தொடங்கிய அலை ஓசை சரித்திரக் கதையன்று. அவர் காலத்துக் கதை. நாட்டுப் பிரிவினையின் போது நிகழ்ந்த கொடுமைகள் அதில் பேசப்படுகின்றன. அந்நூலுக்கு 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பரிசைப் பெற்றுக்கொள்ள அவர்தான் உயிரோடு இல்லை.

இந்த வரிசையைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. மூன்று முறை சிறை சென்று, உலகப் போரையும் பிரிவினையையும் கண்ட ஒருவர், வெற்றி முரசை மட்டும் கேட்டு மயங்கவில்லை. முரசு ஓய்ந்த பின் வீட்டுக்குள் கேட்கும் அழுகையையும் கேட்டார். மேல்நாட்டிலும் இவ்வாறான எழுத்து உண்டு. முதல் உலகப் போருக்குப் பின்னைய இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு ஜாக்குலின் வின்ஸ்பியர் 2003 முதல் வெளியிட்ட மெய்சி டாப்ஸ் என்னும் துப்பறியும் நாவல் வரிசை அவற்றுள் ஒன்று. அங்கே ஒவ்வொரு குற்றத்தையும் தோண்டினால் அடியில் போர்க்களம் இருக்கும். அந்த வகையை நம் கல்கி அரை நூற்றாண்டுக்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டை வைத்துச் செய்துவிட்டார்.

பொன்னியின் செல்வன்

1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள், வாரம் தவறாமல் பொன்னியின் செல்வன் வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள். ஓவியர் மணியம் வரைந்த முகங்களையே இன்றும் பலர் வந்தியத்தேவனாகவும் குந்தவையாகவும் மனத்தில் வைத்திருக்கின்றார்கள். இதழிலிருந்து அத்தியாயங்களைக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்து வைத்த வீடுகள் திண்டுக்கல்லிலும் எத்தனையோ! என் பாட்டி வீட்டிலும் அப்படி ஒரு தொகுதி உண்டு. நடுநடுவே சில வாரங்கள் காணாமற்போன அந்தத் தொகுதியில்தான் நான் முதன் முதலில் இக்கதையைப் படித்தேன். விட்டுப்போன அத்தியாயங்களைப் பாட்டி வாயால் சொல்லி நிரப்பினார்கள்.

கதைக்குப் பின்னணி இரண்டு போர்கள். 949-இல் தக்கோலத்தில் இராஷ்டிரகூடரோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். சோழ அரசு நிலைகுலைந்தது. அதை மீண்டும் நிமிர்த்தியவன் சுந்தர சோழன். அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் சேவூர்ப் போரில் பாண்டியனை வென்று, வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் என்று பட்டம் புனைந்தான். அந்த வீரபாண்டியனோ, தன் கல்வெட்டுகளில் சோழன் தலைகொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்டவன். தலைக்குத் தலை! இரு பட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அந்நூற்றாண்டின் கொடுமை விளங்கும்.

கல்கியின் கதை இந்தப் போர்களுக்குப் பின் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகின்றான். அன்றிரவே கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்களின் நள்ளிரவுச் சதியாலோசனையைக் கேட்டுவிடுகின்றான். மற்றொரு புறம் திருப்புறம்பயம் பள்ளிப்படையில் வீரபாண்டியனின் ஆபத்துதவிகள் பழிக்குப் பழி வாங்கச் சூளுரைக்கின்றார்கள். ரவிதாசன், சோமன் சாம்பவன், தேவராளன் என்போர் அக்கூட்டத்தார். இறுதியில் அதே கடம்பூர் மாளிகையில், விளக்கு அணைந்த இருட்டில், ஆதித்த கரிகாலன் கொலையுண்டு கிடக்கின்றான். பழி வந்தியத்தேவன்மேல் விழுகின்றது.

தமிழில் துப்பறியும் நாவல் கல்கிக்கு முன்பே செழித்திருந்தது. ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நூல்களை அந்தத் தலைமுறை விழுந்து விழுந்து படித்தது. அவற்றில் கடைசி அத்தியாயத்தில் முடிச்சு அவிழும், குற்றவாளி பிடிபடுவான், நல்லவர்க்குத் திருமணம் நடக்கும். கல்கி அந்த உத்திகளை எல்லாம் எடுத்துக்கொண்டார். சுரங்க வழி உண்டு, மாறுவேடம் உண்டு, ஓலை மாறிப் போவது உண்டு, வார முடிவில் திடுக்கிடும் நிறுத்தம் உண்டு. ஆனால் கடைசி அத்தியாயத்தின் வழக்கத்தை மட்டும் அவர் பின்பற்றவில்லை. கரிகாலனைக் கொன்ற கை எது என்பதை அவர் அறுதியிட்டுச் சொல்லவேயில்லை. சிலர் தாமே குற்றவாளி என்கின்றனர். சிலர் மேல் ஐயம் நிற்கின்றது. ஆசிரியர் தீர்ப்புக் கூறாமல் விலகிக்கொள்கின்றார். திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒருவர் பூட்டின் லீவர்கள் அனைத்தையும் பிரித்து நம் கண்முன் அடுக்கிக் காட்டிவிட்டு, சாவியை மட்டும் தராமல் எழுந்து சென்றதைப் போன்றது இது.

உடையார்குடிக் கல்வெட்டு

ஏன் அவ்வாறு செய்தார்? எங்கள் விடுதியில் இக்கேள்வி பல இரவுகள் விளக்கணைக்கும் மணியைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. படைத்தவனுக்கே விடை தெரியாவிட்டால் கதை எதற்கு என்று ஒரு தோழி சினந்தாள். தொடர்கதையாசிரியர் அலுத்துப்போய் அவசரமாக முடித்துவிட்டார் என்றாள் மற்றொருத்தி. வரலாற்றுத் துறையில் எங்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, கதையை மூடிவிட்டுக் கல்வெட்டைப் படியுங்கள் என்றார். படித்தேன். அதன்பின் கல்கியின்மேல் எனக்கிருந்த மதிப்பு பன்மடங்காயிற்று.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராஜராஜன் அரியணை ஏறியது 985. எனவே கல்வெட்டு ஏறத்தாழ 987-ஐச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளும், அவர்தம் உறவினர் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டதை அது கூறுகிறது. பெயர்களும் உள்ளன: சோமன், அவன் உடன்பிறந்த ரவிதாசன், பரமேசுவரன். இந்த ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பட்டம்.

இதில் இரண்டு செய்திகள் என்னைத் தடுத்து நிறுத்தின. முதலாவது, காலம். கரிகாலன் இறந்தது ஏறக்குறைய 970. இடையில் உத்தம சோழனின் ஆட்சி முழுதும் கழிந்து, அவனுக்கு அடுத்து இராஜராஜன் வந்த பின்னரே தண்டனையைப் பற்றிக் கேட்கின்றோம். ஏன் இந்தத் தாமதம்? உத்தம சோழனுக்கே இதில் பங்கு இருக்கலாம் என்று ஐயுற்றார் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். அவ்வாறு கொள்ளச் சான்று இல்லை என்று மறுத்தார் அறிஞர் சதாசிவ பண்டாரத்தார். இரு பெரும் அறிஞர்களே உடன்படாத வழக்கு இது.

இரண்டாவது, பட்டங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பது சோழப் பெயர். ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களில் ஒருவன் பட்டத்தில் பாண்டியன் பெயர், மற்றவன் பட்டத்தில் சோழன் பெயர். அப்படியானால் இவர்கள் பாண்டியனுக்காகக் கொன்றார்களா? சோழ அரசுக்குள்ளேயே இருந்த உட்பகையால் கொன்றார்களா? பாண்டியநாட்டை வென்ற சோழனே பஞ்சவன் பட்டத்தைக் கொடுத்திருக்கவும் கூடுமன்றோ? கல் பெயரைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை.

கல்கி இந்தக் கல்வெட்டை அறிந்தவர். அதிலுள்ள பெயர்களையே தம் சதிகாரர்களுக்குச் சூட்டினார். அதுமட்டுமன்று. கதை தொடங்கும் வீரநாராயண ஏரி, நாம் வீராணம் என்று அழைக்கும் ஏரி, அந்த உடையார்குடியை ஒட்டியே இருக்கிறது. கொலை நிகழும் கடம்பூரும் அங்கிருந்து சில கல் தொலைவுதான். துரோகிகளின் பெயர் பொறித்த கல்லைச் சுற்றியே அவர் தம் கதையை நிறுத்தியிருக்கிறார். பெயர் தெரிந்திருந்தும் காரணம் தெரியாத வழக்கில், தாமே நீதிபதியாக அமர்ந்து யார்மேலும் முழுப்பழியைச் சுமத்த அவர் மறுத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களும் மனிதர்களே. அவர்களுக்கும் மானம் உண்டு. கோடிக்கணக்கானவர் படிக்கப்போகும் கதையில் ஒருவனைக் கொலைகாரன் என்று முத்திரை குத்தினால் அதை அழிக்க எந்த ஆராய்ச்சியாளராலும் இயலாது. இதைப் பத்திரிகையாளராகிய கல்கி நன்கு அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். கதை முடிந்தபின் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் முகமாக முடிவுரை ஒன்றும் எழுதினார். கதையின் பொறுப்பு கடைசி வரியோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதை உணர்ந்த எழுத்தாளரின் செயல் அது.

பாண்டிநாட்டார் எப்படிப் படிப்பது?

இனி நம் பங்குக்கு வருவோம். 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த நம் திண்டுக்கல் பாண்டிநாட்டு மண். பழனியை அடுத்த ஐவர்மலையில் வரகுண பாண்டியன் காலத்துச் சமணக் கல்வெட்டு, சக ஆண்டு 792-ஐ, அதாவது பொது ஆண்டு 870-ஐ, இன்றும் காட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கல்வெட்டு எழுந்து ஒரு நூற்றாண்டு கழியுமுன் பாண்டிய மன்னனின் தலை வீழ்ந்தது. ஆகவே பொன்னியின் செல்வனை நாம் படிக்கும்போது, ஆபத்துதவிகளாகவும் சதிகாரராகவும் வருபவர் நம் பக்கத்தார். சோழநாட்டு வாசகருக்கு இல்லாத ஒரு சங்கடம் நமக்கு உண்டு. சிறு வயதில் படித்தபோது, வந்தியத்தேவன் தப்பிக்க வேண்டுமே என்று துடித்த அதே நெஞ்சு, மீன் பொறித்த வாளை நந்தினி கையில் ஏந்தும் கட்டத்தில் வேறு விதமாகவும் துடித்தது. இது யார் பக்கம் நிற்பது என்ற குழப்பம்.

கல்கி அந்தக் குழப்பத்துக்கு இடம் வைத்தே எழுதியிருக்கிறார். போரில் காயமுற்றுக் குடிசையில் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக ஒரு பெண் மன்றாடுகிறாள். அதைக் கேளாமல் கரிகாலன் வாளை வீசிவிடுகிறான். அதன்பின் அவனுக்கு உறக்கம் இல்லை. பொன்மாளிகை கட்டியும், புகழ் நாடெங்கும் பரவியும், அந்த ஒரு கணம் அவனை விடவில்லை. கடம்பூருக்கு வருமுன்பே அவன் பாதி இறந்தவன். கத்தி எவர் கையிலிருந்து வந்தால் என்ன? அது புறப்பட்ட இடம் சேவூர்ப் போர்க்களம். இதுவே கல்கி சொல்லாமல் சொன்ன தீர்ப்பு என்று நான் கொள்கிறேன். தோற்றவர் பக்கத்தில் பிறந்த வாசகருக்கும் இந்நூலில் அமர ஓர் இடம் உண்டு என்பது இதனால்தான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நந்தினி கல்கியின் கற்பனை. ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை ஆகியோரும் அவ்வாறே. வந்தியத்தேவன் உண்மையில் வாழ்ந்தவன். குந்தவையின் கணவன் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. அநிருத்தர் அன்பில் செப்பேட்டில் இருக்கின்றார். அருள்மொழி அரசை ஏற்காமல் உத்தமனுக்கு விட்டுக்கொடுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இவற்றுக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்து, நந்தினியை வரலாற்றில் தேடுவோரும், நாவலைச் சான்றாகக் காட்டிச் சண்டையிடுவோரும் நம்மிடையே உள்ளனர். 2022-லும் 2023-லும் இயக்குநர் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வந்தபின் இது இன்னும் பெருகியிருக்கிறது. எந்தச் சாதியார் கொன்றார், எந்த நாட்டார் கொன்றார் என்று இன்றும் பழி தேடுவோர், ஆசிரியர் திறந்து வைத்த கதவைத் தாங்களே அறைந்து சாத்துகின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய போரை நாம் தொடர வேண்டியதில்லை. வரலாறு படிக்கும் மாணவர்கள் கல்வெட்டைப் படிக்கட்டும். தமிழ் படிக்கும் மாணவர்கள் நாவலைப் படிக்கட்டும். இருவரும் ஒரே மர நிழலில் அமர்ந்து பேசட்டும். அதுதான் கல்கிக்கு நாம் செய்யும் மரியாதை.

முடியாத கதை

பொன்னியின் செல்வனை முடித்த அதே 1954-ஆம் ஆண்டு, டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி சென்னையில் மறைந்தார். வயது 55. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த அமரதாரா பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. இன்று எந்தப் பதிப்பாளரும் அவற்றை வெளியிடலாம்; பேருந்து நிலையக் கடையிலும் வாங்கலாம்.

பள்ளிச் சான்றிதழைத் துறந்தவர், நல்ல வேலையைத் துறந்தவர், தம் பழைய கருத்தையும் துறக்கத் துணிந்தவர், கடைசியில் ஒரு கதாசிரியன் எளிதில் துறக்க மாட்டாத ஒன்றையும் துறந்தார். முடிச்சை அவிழ்த்துக் கைத்தட்டல் பெறும் உரிமையை விட்டுக்கொடுத்தார். தியாகச் சிகரம் என்று ஐந்தாம் பாகத்துக்கு அவர் பெயரிட்டது அருள்மொழிவர்மனை எண்ணித்தான். ஆனால் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆசிரியரின் முகமும் உடன் தோன்றுகிறது.

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்கும் நேர்மையும், வென்றவன் நெஞ்சின் வலியையும் தோற்றவன் வீட்டின் கண்ணீரையும் ஒருங்கே காணும் கண்ணும் கற்றவர்க்கு அழகு. அவ்விரண்டையும் பட்டம் எதுவும் பெறாத ஒரு கிராமக் கணக்கரின் மகனிடம், பட்டம் பெறப் படித்துக்கொண்டிருக்கும் நாம் கற்றுக்கொள்வோமாக. வாழ்க அமரர் கல்கியின் புகழ்!